முன் ஒலிவாங்கி யாருக்கு?

மாலை 4.40. திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய திறந்தவெளி மேடையின் பின்புறத்தில், நீலத்துறை ராக் இசைக்குழுவின் முன்னணிப் பாடகர் யதுர்சன் தொண்டையைப் பிடித்தவாறு கதிரையில் சாய்ந்தார். அவருடைய சுடுநீர்ப் போத்தலிலிருந்து கழிவறை கழுவும் திரவத்தின் நெடி எழுந்தது. பேச இயலாத அவர் தாளொன்றில் எழுதிக் காட்டினார்: "மூடியில் ஊற்றி ஒரு வாய் குடித்தேன். எரிகிறது."

நிகழ்ச்சி ஆறு மணிக்குத் தொடங்கவிருந்தது. குழுவில் அறுவர் இருந்தனர். சுவரொட்டியில் யதுர்சனின் முகம் மட்டுமே இருந்தது.

4.55. உப பொலிஸ் பரிசோதகர் குலசிங்கம் வந்து சேர்ந்தார். முதலுதவித் தாதி பிரசாந்தினி அவரை எதிர்கொண்டார்.

"வாய், நாக்கு, உதடு ஒண்டிலயும் புண் இல்லை, சேர். ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேணும். அம்புலன்ஸ் வாசல்ல நிக்குது. ஆள்தான் ஏறமாட்டன் எண்டு தலையாட்டுறார்."

குலசிங்கம் போத்தலை ஆராய்ந்தார். அதன் மூடியே குடிக்கும் கிண்ணமாகவும் பயன்படுவது. அதை முகர்ந்தார், உட்புறத்தை விரலால் தடவினார். விரல் நனையவில்லை.

"போத்தலை ஆர் கொண்டு வந்தது?"

எல்லோருடைய கண்களும் இரண்டாம் பாடகர் மதுசனை நோக்கின. பாலையூற்றிலுள்ள ஒத்திகை வீட்டிலிருந்து முன்னணிப் பாடகரின் சுடுநீரை இரண்டாம் பாடகரே சுமந்து வருவது அக்குழுவின் வழக்கம்.

"நான்தான் சேர். எப்பவும் நான்தான் கொண்டு வாறனான்."

"இவர் பாடாட்டி முன் மைக் உமக்கு, என்ன?"

"ஓம். அதுக்காக நான் இப்பிடிச் செய்வனே? அண்ணைதான் எனக்குப் பாட்டுச் சொல்லித் தந்தவர்."

"ஆறு வருசமாப் போத்தல் தூக்கினவருக்குக் கை வலிச்சிட்டுது போல!" என்று ட்ரம்ஸ் வாசிக்கும் துவாரகன் சீறினார்.

வெளியே பொலிஸ் வாகனம் காத்திருந்தது. மதுசன் அதையே பார்த்தார். "அதில ஏறினா ஊரில என்ன சொல்லுவினம்? நான் இனி எந்த மேடையில ஏற ஏலும்?" என்று கேட்டார்.

5.15. குலசிங்கம் மேடைக்கு ஏறினார். கீபோர்ட் வாசிக்கும் கீர்த்தனி அங்கே நின்றார். அவருடைய கருவியில், சுருதி மாற்றும் பொத்தானுக்கு மேலே -4 என்று சிவப்பு எழுத்து ஒளிர்ந்தது.

"இது என்ன, பிள்ளை?"

"சுருதியை நாலு அரைச்சுரம் இறக்கி வச்சிருக்கிறன். பொங்கல் முடிஞ்ச கையோட ரெண்டில துவங்கினது, இப்ப நாலு. யதுர்சன் அண்ணை கேட்டவர்."

"ஏன் எண்டு கேக்கேல்லையோ?"

"முன்னுக்கு நிண்டு பாடுறவரிட்ட அப்பிடிக் கேக்கிறேல்லை, சேர். அவர் சொன்னா, நாங்கள் பொத்தானை அமத்துவம்."

5.30. குலசிங்கம் அனைவரையும் மேடையின் பின்புறத்திற்கு அழைத்தார்.

"மதுசனை வாகனத்தில ஏத்தத் தேவையில்லை. போத்தலுக்குள்ள அதை ஊத்தினவர் யதுர்சன்தான்."

துவாரகன் பாய்ந்து எழுந்தார். "உங்களுக்கென்ன விசரே, சேர்?"

"இரும், தம்பி. மூடியில ஊத்திக் குடிச்சதெண்டு எழுதித் தந்தார். மூடி காய்ஞ்சு கிடக்குது, மணமும் இல்லை. வாயில புண்ணும் இல்லை. நஞ்சு குடிச்ச மனுசன் அம்புலன்ஸைக் கண்டு ஏன் பயப்பிடுறார்? தொண்டையை டொக்டர் பாத்தா வேறை ஒண்டு தெரிய வரும். அது என்னெண்டு உங்கட கீபோர்ட் கனநாளாச் சொல்லிக்கொண்டு இருக்குது. நீங்கள் ஒருத்தரும் பாக்கேல்லை. மேல்சுரம் எட்டாமத்தான் சுருதியை இறக்கச் சொன்னவர். இவரின்ர குரல் போய்க்கொண்டு இருக்குது."

யதுர்சன் நிலத்தைப் பார்த்தார். பின்னர், காற்றில் கலந்த சுரண்டல் போன்ற ஒலி அவரிடமிருந்து வெளிப்பட்டது.

"தொண்டையில கட்டி, சேர். வெட்டினாலும் பழைய குரல் வராதாம். எனக்கு ஏலாதெண்டு சொன்னா, நாளைக்கே எங்களை ஆரும் கூப்பிடமாட்டினம். ஆரோ எனக்கு நஞ்சு வச்சுப் போட்டினம் எண்டா, நான் திரும்பி வருவன் எண்டு சனம் பாத்துக்கொண்டு இருக்கும். குழு கொஞ்சக் காலம் ஓடும்."

"போத்தல் தூக்கினது ஆர் எண்டு யோசிச்சனீரே?"

யதுர்சன் முதன்முறையாக மதுசனை ஏறிட்டுப் பார்த்தார்.

"இல்லை, சேர். அதை நான் ஒரு நாளும் யோசிக்கேல்லை."

குலசிங்கம் வாக்குமூலம் எழுதக் குறிப்பேட்டை விரித்தார். குற்றவாளியைக் கண்டுபிடித்தாயிற்று. எனினும் மதுசனின் மீதான பழி நீங்கியதைத் தவிர, அதனால் அங்கிருந்த எவருக்கும் எந்த நன்மையும் விளையவில்லை என்பதை அவர் உணர்ந்தார்.

5.58. மதுசன் முன் ஒலிவாங்கியின் எதிரே நின்றார். கீர்த்தனி பொத்தானை நான்கு முறை அழுத்தினார். சிவப்பு எழுத்து பூச்சியத்துக்குத் திரும்பியது. "யது! யது!" என்று மைதானம் முழங்கியது. அம்முழக்கத்தினூடே மதுசனால் வாயைத் திறக்க இயலவில்லை.

மேடைப் படிக்கட்டின் அடியில், தாதியின் தோளில் சாய்ந்திருந்த யதுர்சன் தம் வலிமை முழுவதையும் திரட்டினார்.

"பாடடா, தம்பி."

அந்தக் குரல் இரண்டாம் படியைக்கூட எட்டவில்லை.