ஒட்ட நறுக்கிய வால்

மல்லேஸ்வரத்து அந்தப் பழைய பங்களாவுக்குள் ஆஞ்சலாவும் அவள் தம்பி நரேஷும் நுழைந்தபோது நல்ல வெயில். வீட்டுச் சாமான்களைக் கட்டி லாரியில் ஏற்றும் கம்பெனியில் இருவருக்கும் வேலை. வீட்டைக் காலி பண்ணிவிட்டு ஃப்ளாட்டுக்குக் குடிபோகிறவர் சீனிவாசராகவன் என்ற பெரியவர். கதவைத் திறந்த அவர், வந்தவர்களின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க முடியாது. கழுத்து வளைந்து, மோவாய் மார்பில் பதிந்து கிடந்தது.

உள்ளறைக்கு மட்டும் வெயில் வரவில்லை. அலமாரிகள் முழுக்கப் பழைய பட்டாளத்துத் தொப்பிகள். நடுவே தனியாக ஒரு தலைக்கவசம்: வெள்ளி முலாம், பித்தளை முகடு, நெற்றியில் அல்லி முத்திரை, பின்னால் நீளமாகத் தொங்கும் கறுப்புக் குதிரைமயிர் வால்.

"பிரெஞ்சு ராஜாவோட மெய்க்காவல்காரன் போட்டுண்டது," என்று குரலை இறக்கினார் பெரியவர். "அதுக்கு முன்னால போறச்சே தலையைக் குனிஞ்சுக்கோங்கோ. சின்ன வயசுலேர்ந்து நான் அப்படித்தான்."

"நாங்க குனியறது செருப்பு மாட்டத்தான் சார்," என்றாள் ஆஞ்சலா. அவள் குடியிருக்கும் தொம்மலூரில் அவள் வாய்க்குப் பயந்து ஆட்டோக்காரர்களே வழிவிடுவார்கள்.

நரேஷுக்கு வேண்டாத வேலை என்றால் அல்வா சாப்பிடுகிற மாதிரி. கவசத்தை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டான்.

"அக்கா, இப்ப டிராஃபிக் போலீஸ் நிறுத்துவானா பாரு!"

தாடைப்பட்டை தானாகவே மாட்டிக்கொண்டது.

க்ளிக்.

எங்கிருந்தோ குதிரை வியர்வை நாற்றம் அடித்தது. நரேஷின் சிரிப்பு பாதியில் நின்றது.

"அக்கா... உள்ள இன்னொரு தலை இருக்கு."

ஆஞ்சலா பட்டையை இழுத்தாள். அது இறுகியது. நரேஷின் முழங்கால்கள் மடிந்தன, உதடு நீலம் பாய்ந்தது.

"குனிஞ்சுடும்மா," பெரியவர் நடுங்கினார். "அது ராஜாவுக்கு மரியாதை கேக்கறது."

"எங்க சார் அந்த ராஜா?"

"செத்து எத்தனையோ காலமாச்சு."

"அப்புறம் யாருக்கு மரியாதை?"

சில்லென்று ஒரு உள்ளங்கை அவள் பிடரியில் பதிந்தது.

அழுத்தியது.

பின்னால் யாரும் இல்லை.

தம்பி மூச்சுக்குத் தவிக்கிறான். குனிந்தால்தான் என்ன, ஒரே ஒரு தடவைதானே என்று அவள் மனசு கெஞ்சியது. அப்போதுதான் பெரியவரின் கழுத்து கண்ணில் பட்டது. காலமெல்லாம் குனிந்தவரை அது இன்னும் விடவில்லை. ஒரு தடவை குனிந்தால் அவ்வளவுதான் என்று அவளுக்குப் புரிந்தது. பயம் போய் ஆத்திரம் வந்தது.

டேப் வெட்டும் கத்தரிக்கோல் அவள் இடுப்பில் இருந்தது. உருவினாள். கவசத்தின் வால் சிலிர்த்து எழுந்து அவள் மணிக்கட்டைச் சுற்றியது.

தெருவில் வம்பு பண்ணும் பையன்களிடம் அவள் தினமும் சொல்கிற வார்த்தைதான். இன்றைக்குத்தான் சொன்னதைச் செய்தாள்.

"எங்கிட்டயா வாலாட்டுற? ஒட்ட நறுக்கிடுவேன்!"

நறுக்கினாள்.

கவசத்துக்குள்ளிருந்து ஒரு அலறல். நரேஷின் குரல் இல்லை.

பட்டை விட்டது. கவசம் தரையில் உருண்டது. தம்பியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். தலை நிமிர்ந்துதான் நடந்தாள்.

மறுவாரம் ஒருநாள் காலை. வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்த நரேஷின் தலை மெல்லத் தாழ்ந்தது. தூங்குகிறானோ என்று ஆஞ்சலா பார்த்தாள். கண்கள் திறந்திருந்தன.

அவன் பிடரியில் கறுப்பாக, முரடாக, ஒரு கொத்துக் குதிரைமயிர்.

நேற்று அது இல்லை.

அவன் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"வளரு," என்றாள் அந்தக் கொத்தைப் பார்த்து. "எத்தினி தரம் வேணா வளரு. நறுக்க நான் இருக்கேன்."

அவள் கைக்குள் தம்பியின் தலை கனத்துக்கொண்டே போனது. அவள் கையை எடுக்கவில்லை.