அஸ்கர் கழற்றாத கார்டு

மேற்குத் தாம்பரத்தில் வக்கீல் ஜெயஸ்ரீயின் மேஜைமேல் ஒரு கடிதத்தை வைத்தார் அஸ்கர். அவருடைய வலது கைக்கட்டுக்குள் மூன்று விரல்கள் இல்லை. கீழ்க்கட்டளைத் தகரப் பட்டறையில் பிரஸ் மிஷின் அவற்றை வாங்கிக்கொண்டுவிட்டது. அது நடந்தது 2006இல், ஆயுத பூஜை முடிந்த நாலாம் நாள்.

கடிதம் முதலாளி லோகநாதன் அனுப்பியது. மிஷினுக்குள் கை போகாமல் மறைக்கும் இரும்புத் தடுப்பு, பட்டறைக்காரர்கள் சொல்லும் கார்டு, இரண்டு வருஷமாக இருக்கிறதாம். அஸ்கர் வேண்டுமென்றே அதைக் கழற்றினாராம். ஆகவே நஷ்டஈடு கிடையாதாம்.

"நீங்க கழட்டினதா முடிவாச்சுன்னா ஒரு பைசா வராது," என்றார் ஜெயஸ்ரீ.

"கழட்டறதுக்கு அங்க கார்டே கெடயாது மேடம். ஆனா கூட வேல செய்றவங்க வாயத் தொறக்க மாட்டாங்க. அவங்களுக்கும் வேல வேணுமே."

குமாஸ்தா துளசிங்கத்துக்கு ரத்தம் கொதித்தது. ஐம்பது வயதாகியும் அந்தக் கொதிப்பு மட்டும் அவருக்கு அடங்கவில்லை. "போலீசுக்கே போயிடலாம் மேடம்," என்றார்.

"முதல்ல மிஷினைப் பார்ப்போம்."

மறுநாள் மூவரும் பட்டறைக்குப் போனார்கள். "நல்லாப் பாருங்க, மறைக்க இன்னா கீது?" என்று லோகநாதன் தாராளமாக வரவேற்றார். மிஷினில் இப்போது ஏசுபாதம் என்ற தொழிலாளி வேலை செய்துகொண்டிருந்தார். அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. மிஷினில் பச்சைக் கார்டு ஒன்று இருந்தது.

துளசிங்கம் பாய்ந்தார். "பெயிண்ட் புதுசு மேடம்."

"பூஜைக்கு எல்லாத்துக்கும்தான் அடிச்சோம்," என்று சிரித்தார் லோகநாதன். துளசிங்கத்தின் முகம் தொங்கிப்போனது.

ஜெயஸ்ரீ பட்டறையை ஒருமுறை சுற்றி வந்தார். ஸ்பேனர், சுத்தியல், தராசு, சுவிட்ச் போர்டு என்று எதையும் விடாமல் சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன.

"பூஜை அன்னிக்கு இந்தக் கார்டு மிஷின்ல இருந்ததா சார்?"

"இருந்துச்சு. நானே என் கையால எல்லாத்துக்கும் பொட்டு வெச்சேன்."

"கொஞ்சம் கழட்டிக் காட்டுங்க."

ஏசுபாதம் நாலு போல்ட்டையும் கழற்றினார். கார்டின்மேல் ஒரு பொட்டுகூட இல்லை. கார்டு உட்கார்ந்திருந்த இடத்தில், மிஷின் உடம்பில், நசுங்கிய சந்தனப் பொட்டு ஒன்று. நடுவில் குங்குமம்.

துளசிங்கம் வாயைப் பிளந்தார்.

"அன்னிக்கு கார்டு இருந்திருந்தா, அதுக்கு அடியில எப்படிப் பொட்டு வெப்பீங்க?" ஜெயஸ்ரீயின் குரல் உயரவே இல்லை. "சுவிட்சுக்குக்கூட வெச்ச நீங்க கார்டுல மட்டும் வெக்கல. ஏன்னா அன்னிக்கு அது இல்ல. விரல் போனப்புறம் வாங்கி மாட்டினீங்க. மாட்டும்போது பொட்டு கண்ணுல பட்டிருக்கும். துடைச்சிருந்தா நான் தோத்திருப்பேன்."

"சாமிக்கு வெச்சதாச்சே," என்று லோகநாதன் முணுமுணுத்தார். "அத எப்படிம்மா துடைக்கறது?"

பொய் சொல்லத் துணிந்த மனிதருக்குப் பொட்டைத் துடைக்கத் துணிச்சல் வரவில்லை. துளசிங்கத்துக்கு அவர்மேல் கொஞ்சம் பரிதாபமே வந்தது.

"அண்ணனுக்கு அடிபட்டு ஒரு வாரம் கழிச்சுத்தான் கார்டு வந்துச்சு மேடம்," என்றார் ஏசுபாதம். "எந்த ஆபீசர்கிட்ட வேணா நான் வந்து சொல்றேன்."

லோகநாதன் முறைத்தார்.

"மொறைக்காதீங்க சார். அந்த ஒரு வாரமும் இதுல கைய வுட்டுகினு இருந்தது நான்தான்."

அஸ்கருக்குக் கண் கலங்கிவிட்டது. லோகநாதன் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். ஏசுபாதத்தின் கைகளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒத்துக்கறேம்மா," என்றார். "எங்க கையெழுத்துப் போடணும்?"