துருவே இல்லாத போல்ட்டுகள்

தட்டு ஒன்றுதான் கேட்டது. இரண்டு கேட்டிருக்க வேண்டும்.

கடலடிப் பம்பு அறையின் சுவரில் ஒரு வட்ட இரும்பு மூடி. அதற்கு அந்தப் பக்கம் கடலில் தம்பி முக்குளிக்க இறங்கியிருந்தான். அவன் சுத்தியலால் இரண்டு தட்டினால் நலம் என்று பொருள். உள்ளே இருப்பவர் ஸ்பேனரால் மூடியின் போல்ட்டில் இரண்டு தட்டிப் பதில் சொல்ல வேண்டும். சோம்பேறி, ஒன்றை மிச்சம் பிடித்துவிட்டான் என்று சிரித்துக்கொண்டே அவள் இரண்டு கொடுத்தாள்.

ஈர சிமெண்டும் பம்பு எண்ணெயும் கலந்த வாடை தொண்டையில் ஒட்டியது. மூடியைச் சுற்றி போல்ட்டுகள் பளபளவென்று நின்றன. அந்தப் பளபளப்பை அவள் நம்பவில்லை. உலோகங்களைச் சோதிப்பதுதான் அவள் வேலை. மேலாளராக இருக்கும் அக்கா புருஷனிடம் தலைபாடாக அடித்துக்கொண்டாள். துத்தநாகக் கட்டிகளைத் தொங்கவிட்டால் துரு அண்டாது, உண்மைதான். ஆனால் அளவு மீறினால் போல்ட்டின் மேல் ஹைட்ரஜன் உண்டாகி, அது செய்யப்பட்ட நிக்கல் கலவைக்குள் ஊறி, வெளியே தெரியாமல் விரிசல் விடும்.

"துருவே இல்லையேம்மா! கல்யாணப் பொண்ணு மாதிரி மின்னுது" என்று சபை நடுவே சிரித்தார் அத்தான். இன்னும் நாலு கட்டி தொங்கவிடத் தம்பியை இறக்கியதும் அவர்தான். ஆள் தண்ணீரில் இருக்கும்வரை இந்த அறைக் கதவு வெளியே பூட்டியிருக்க வேண்டும் என்பதும் அவர் போட்ட சட்டம்.

மறுபடி ஒரு தட்டு. அவள் பதில் தட்டினாள். உடனே இன்னொன்று, மூடியின் கீழ்ப்பக்கத்திலிருந்து. காலடியில் ஏதோ உருண்டது.

குனிந்து எடுத்தாள். நட்டோடு ஒட்டிய போல்ட் துண்டு. பொட்டுத் துரு இல்லை. முறிந்த முகம் உப்புக்கல் போல மினுமினுத்தது.

போனை எடுத்து மேலே அழைத்தாள்.

"அத்தான், தம்பிய உடனே மேல ஏத்துங்க!"

"அவன் வந்து எவ்வளவு நேரமாச்சு! இங்கதான் உக்காந்து டீ குடிக்கிறான்."

அப்படியானால் அந்தத் தட்டு ஒவ்வொன்றும் ஒரு போல்ட் முறிந்த சத்தம். இவ்வளவு நேரம் யாருக்குப் பதில் தட்டினாள்? அதுவும் விரிசல் விட்ட போல்ட்டின் தலையிலேயே!

"அப்புறம் ஏன்யா கதவத் திறக்கல? நான் உள்ள இருக்கறது மறந்துபோச்சா?"

வாழ்நாளில் அவரை 'யா' போட்டது அதுதான் முதல் முறை.

"அட... சாவிய உன் தம்பிகிட்ட குடுத்து அனுப்பறேன். கத்தாத."

லைன் செத்தது.

டங்.

மூடியின் ஓரத்தில் நூலிழையாகத் தண்ணீர். அறையைக் குறுக்கே கிழித்து எதிர்ச்சுவரில் அடித்தது. கடல் வாடை.

டங். டங்.

இரண்டு. ஆனால் அது முதுகுப் பக்கம், கதவிலிருந்து.

"அக்கா, நான்தான்! இரு, திறக்கறேன்."

கதவு திறந்தால் கடல் அவனையும் சேர்த்து வாரிக்கொள்ளும்.

"திறக்காதடா! ஓடு! மேல ஓடு!"

தண்ணீர் சீறிய சத்தத்தில் அவள் சொன்னது கதவுக்கு அந்தப் பக்கம் புரியவில்லை.

"என்னக்கா?"

பூட்டுக்குள் சாவி நுழைந்தது. எதிரே, மின்னும் போல்ட்டுகள் ஒவ்வொன்றாகத் தலை சாய, மூடி அவள் பக்கம் மெல்லக் குனிந்தது.

சாவி திரும்பியது.