கழுவி வைத்த டம்ளர்

சேலத்தில் கழிவுநீர்ப் பரிசோதனைக்கூடம் நடத்தும் சிவசக்தியைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் சாயப்பட்டறை ஓடையைப் பற்றித்தான் பேசுவார்கள். நாகலூரிலிருந்து வந்த கண்ணாயி தன் புருஷனின் சாவைப் பற்றிப் பேசினாள்.

"வலிப்புக்கு தினமும் மாத்திரை குடுத்தேனுங்க, எங்கையால. அப்படியும் காப்பிப்பழம் அலசற தொட்டியில வலிப்பு வந்து விழுந்து போயிட்டாரு. ஏசுராஜ் கடை மாத்திரை போலிங்க. ஒண்ணுகூட மிச்சமில்லை. எதைக் காட்டி நிரூபிக்கறது?"

"உங்க ஊட்டுக் கழிவுத்தண்ணி மிச்சமிருக்குதே," என்றாள் சிவசக்தி.

உதவியாளன் மாதேஷுக்கு அந்த நிமிடமே குற்றவாளி கிடைத்துவிட்டான். நாற்பது வயதுக்குள் அவன் கண்டுபிடித்த குற்றவாளிகள் அத்தனை பேரும் நிரபராதிகள்தான். அதற்காக முயற்சியை விட்டுவிட முடியுமா?

குப்பனூர் வழியாகப் பஸ் ஏறி, பாட்டில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மலைமேல் இருந்த நாகலூருக்குப் போனார்கள். ஏசுராஜின் மருந்துக்கடை ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. தலைவலி மாத்திரைக்குக்கூட ஊர் இப்போது ஏற்காடு போய் வருகிறதாம்.

கண்ணாயி வீட்டில் இரண்டு இடங்களில் தண்ணீர் எடுத்தார்கள்: கக்கூஸ் தொட்டியில் ஒன்று, பின்கட்டில் பாத்திரம் கழுவும் கல்லுக்குக் கீழே இருந்த குழியில் ஒன்று. குனிந்தபோது வழுக்கி, மாதேஷின் ஒரு செருப்பு தொட்டிக்கே காணிக்கையானது.

"அவரு எஸ்டேட்டுல காப்பி ருசி பாக்கறவருங்க," என்றாள் கண்ணாயி. "ஒரு வாய் வெச்சா எந்தச் சரிவுல காய்ச்சதுன்னு சொல்லிப்போடுவாரு. ஆனா எங்காப்பிய ஒருநாளும் குறை சொன்னதில்லை. பின்னால கல்லுல உக்காந்து குடிச்சிட்டு, டம்ளரையும் அவரே கழுவிக் கவுத்திருவாரு. நொம்ப நல்லாருக்குன்னு சொல்லிட்டுத்தான் வேலைக்குப் போவாரு."

"டம்ளர் கழுவற புருஷனா?" என்றான் மாதேஷ். "எங்க ஊட்டுல நான் கழுவினா டாக்டரைக் கூப்புட்டுருவாங்க." சிவசக்தி சிரிக்கவில்லை. அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பரிசோதனை முடிவு வந்ததும் மறுபடி போனார்கள். ஏசுராஜையும் சிவசக்தி வரச் சொல்லியிருந்தாள். அவர் வாசல் ஓரமாகவே நின்றார்.

"மாத்திரை போலியில்லைங்க," என்றாள் சிவசக்தி. "போலியா இருந்தா ரெண்டு தண்ணியிலயும் ஒண்ணும் இருந்திருக்காது. கழுவற குழியில அந்த மருந்து நிறைய இருக்குது."

"அவரு குடிச்சதுதானுங்களே, உடம்புல இருந்து வெளிய வந்திருக்கும்..." என்றாள் கண்ணாயி.

"குடிச்சிருந்தா உடம்பு அதை உடைச்சு, வேற பொருளா மாத்தித்தான் வெளிய அனுப்பும். அந்தப் பொருள் கக்கூஸ் தொட்டியில இருக்கணும். அங்க துளிகூட இல்லை. குழியில இருக்கறது உடையாத மருந்து. வாய்க்குள்ள போகாமலே கல்லுல விழுந்திருக்குது." குரலைத் தாழ்த்தினாள். "காப்பியில கரைச்சுத்தானே குடுத்தீங்க?"

கண்ணாயி பின்கட்டுப் பக்கம் திரும்பினாள். "மாத்திரைன்னாலே தூக்கி எறிஞ்சிருவாரு. எனக்கென்ன நோவுன்னு கேப்பாரு. டாக்டர்கிட்டக்கூடச் சொல்லாம காப்பியில பொடி பண்ணிப் போட்டேன்."

"ருசி பாக்கற நாக்கு. கசப்பு தெரியாம இருக்குமா? உங்க கைப்பக்குவம் போயிருச்சுன்னு நெனச்சிருப்பாரு. சொன்னா நீங்க வருத்தப்படுவீங்கன்னு யாரும் பாக்காம கல்லுல ஊத்திட்டு, தடம் தெரியாம டம்ளரைக் கழுவியிருக்காரு."

மாதேஷ் தன் செருப்பைப் பார்த்தான். புதுச்செருப்பு, அதில் பார்க்க ஒன்றுமில்லை.

"காப்பி நல்லாயில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா," என்றாள் கண்ணாயி, யாரையும் பார்க்காமல், "கோவிச்சுக்கிட்டு ஒருநாள் பேசாம இருந்திருப்பேன். அவ்வளவுதானுங்களே."

பிறகு வாசலைப் பார்த்தாள். "அண்ணா, உங்களை ஊர் பூராப் பழி சொல்லிட்டேன். ஊடூடாப் போயி நானே சொல்றேன். உள்ள வாங்க."

ஏசுராஜ் உள்ளே வந்து உட்கார்ந்தார். வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்பக் கூடாதென்று கண்ணாயி அடுப்படிக்குப் போனாள். நான்கு டம்ளர்களில் காப்பி வந்தது.

மாதேஷ் ஒரு வாய் குடித்தான். யார் எதைக் கொடுத்தாலும் 'பிரமாதம்' என்று சொல்லிப் பழகிய நாக்கு அது. பெண்டாட்டியின் ரசத்துக்கே இருபது வருஷமாக அப்படித்தான் சொல்லி வருகிறான்.

"அக்கா," என்றான். "சர்க்கரை போடலைங்க."

கண்ணாயி அவனை நிமிர்ந்து பார்த்தாள். எழுந்து போய்ச் சர்க்கரை டப்பாவை எடுத்து வந்தாள். அதைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு, அவர்கள் வந்ததிலிருந்து முதல்முறையாக அழுதாள்.