வாசல் ஆணியில் தொங்கிய வில்லை

சுவரில் ஒரு கரிக்கோடு. காலையில் இல்லை. வாசல் நிலையை ஒட்டித் தொடங்கி, இடுப்புயரத்தில், கூடம் முழுக்க நீண்டிருந்தது. மாலை போட வந்தவர்களில் யாரோ கை வைத்திருப்பார்கள் என்று தனப்பிரியா ஈரத்துணியால் துடைத்தாள். துணி கறுத்தது. கோடு போகவில்லை.

அன்று அவள் கணவன் ஜெகதீஸ்வரனின் முதலாண்டு நினைவு நாள். ராணுவத் தீயணைப்புப் பிரிவில் இருந்தவன்; ராணுவக் கிடங்கு பற்றியெரிந்தபோது அணைக்க உள்ளே போனவன். அவனைத் தேடிப் போன இரண்டு பேரும் திரும்பவில்லை. ஜேடர்பாளையமே வந்து படத்துக்குப் பூப் போட்டது. அவனோடு வேலை பார்த்த செங்கோடன் சீருடையில் வந்து சல்யூட் வைத்துவிட்டு, ஜெகதீஸ்வரன் பெயர் பொறித்த பித்தளை வில்லையை அவள் கையில் கொடுத்தான்.

"புகைக்குள்ள போறப்ப இதை வாசல்ல மாட்டிட்டுத்தானுங்க அண்ணி போவோம். வெளிய வந்தா எடுத்துக்குவோம். தொங்கிட்டே இருந்தா, ஆள் உள்ளாற இருக்கான்னு அடுத்தவன் தேடிப் போவான். நீங்க பொட்டிக்குள்ள வெச்சுக்கோங்க."

செங்கோடன் பஸ் ஏறியதும் அவள் அதை வாசல் ஆணியில் மாட்டினாள். ஒரு நாளாவது அவர் வீட்டுக்குள் இருக்கட்டுமே. மனசு கேட்கவில்லை, பாவம்.

ஐந்து வயது மகள் அனிதா அண்ணாந்து பார்த்தாள். "அம்மா, அப்பா உள்ளாறயா இருக்கறாரு?"

"ஆமா சாமி."

"அப்ப நான் தேடிக் கூட்டிட்டு வாரேன்."

"போ சாமி, போ. காப்பி ஆறுதுன்னு சொல்லு." ஒரு வருஷமாக மறந்திருந்த சிரிப்பு அவளுக்கு வந்தது.

இப்போது விளக்கு வைக்கும் நேரம். கரண்ட் இல்லை. காவிரிப் பக்கத்து ஈரக்காற்றில் கருகிய ரப்பர் நாற்றம் கலந்து வர, அடுப்பைப் பார்த்தாள், அணைந்திருந்தது. கொல்லையைப் பார்த்தாள், யாரும் எதையும் எரிக்கவில்லை. ஆனால் உள்ளறையிலிருந்து, கனத்த பூட்ஸ் தரையைத் தடவித் தடவி நகர்வது போலவும், குழாய் வழியே யாரோ இழுத்து இழுத்து மூச்சு விடுவது போலவும் ஓர் ஓசை வந்துகொண்டே இருந்தது.

லீவில் வந்தால் அவன் மகளின் கண்ணைக் கட்டி, புகைக்குள் வழி தேடுவது போல விளையாட்டுக் காட்டுவான். "புறங்கையைச் சுவத்துல இருந்து எடுக்கக் கூடாது சாமி. எடுத்தா வழி தொலைஞ்சுரும்."

கோடு. புறங்கையின் அகலம்.

பிறகு விசில். மெல்லிய, விடாத விசில். காற்று தீரப்போகிறது என்றால் முதுகுச் சிலிண்டர் அப்படித்தான் கூவும் என்று அவன் சொல்லியிருக்கிறான்.

வாசலுக்கு ஓடினாள். வில்லையைக் கழற்றிவிட வேண்டும். ஆணியைத் தொட்டாள். சுட்டது.

மூன்று வில்லைகள். அவனுடையது, அவனைத் தேடிப் போன இருவருடையவை.

அவற்றின் மேல், நீல நாடாவில், அனிதாவின் பள்ளிக்கூட அடையாள அட்டை.

"அனிதா!"

உள்ளறை. ஜன்னல் இல்லாத அறை. யாரும் இல்லை. கரிக்கோடு மூன்று சுவர்களைச் சுற்றி, மூலைக்குப் போய், அங்கே முடிந்திருந்தது. அதன் கீழே, அவள் முழங்காலுக்குச் சற்று மேலே, இன்னொரு கோடு. சின்னக் கோடு.

அதுவும் அதே மூலையில்.

விசில் நின்றது.