முறைத் தண்ணீரும் முப்பத்தொரு மணி நேரமும்

"விடுங்க சார்... நான்தான் முதல்ல கை வெச்சேன்!"

திருக்காட்டுப்பள்ளி கடைத்தெருவில், கடைசியாக மிஞ்சிய ஒரே யூபிஎஸ் பெட்டியின் ஒரு பக்கம் அவள்; மறுபக்கம் ராம்கி. வெளியே ஆடித் தூறல். இமையில் ஒட்டிய மழைத்துளியோடு அவள் முறைத்த முறைப்பில், தஞ்சாவூரிலிருந்து எதற்கு வந்தோம் என்பதே அவனுக்கு மறந்துபோனது. பாவம், பையன் அங்கேயே விழுந்துவிட்டான்.

"பொறும்மா கலைமகள்..." என்றார் கடைக்காரர் கண்ணுசாமி.

"அப்படி என்னங்க அவசரம்?" என்றான் ராம்கி.

"கேம் விளையாட. நடுவுல கரண்ட் போனா ஆட்டமே போச்சு. சிரிக்காதீங்க... ஸ்பீட்ரன். யார் சீக்கிரம் முடிக்கிறாங்கன்னு போட்டி. எவ்வளவு வேகமா ஆடினாலும் முப்பது மணி நேரம் ஆகிற கதை. பன்னெண்டு பகுதியாப் பிரிச்சு ஆடி, வீடியோ அனுப்பினேன். எழுந்திரிக்காம ஒரேயடியா முடிக்கலைன்னா செல்லாதாம்! ஆர்கே31னு ஒரு நடுவர்... அவனுக்கு இன்னும் அம்மா ஊட்டி விடுறாங்க போல!"

ராம்கி சட்டென்று பார்வையைப் பெட்டிமேல் திருப்பிக்கொண்டான். அந்த ஆர்கே31 அவன்தான். முப்பத்தொரு மணி நேரம் ஒரே மூச்சில் ஆடி, விரல் கொப்புளித்து வாங்கிய முதலிடம் அது...

"பிரிச்சு ஆடினா, ஒவ்வொரு பகுதியையும் நூறு தடவை திருத்திக்கலாமேங்க?"

"அப்போ தனிப் பட்டியல் போடட்டும்! அவன் இடத்தையா கேட்டேன்? செவ்வாய்க்கிழமை முறை வருது, நான் போகாம முடியுமா?"

அவன் முகம் சுருங்கியது. "முறைன்னா... மாமா பையனா? பொண்ணு பார்க்கவா?"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "முறைத் தண்ணி சார்! வாய்க்கால்ல எங்க வயலுக்கு நாலு மணி நேரம். அப்பா சிங்கப்பூர்ல. நான் மடை திறக்கலைன்னா பயிர் காஞ்சிடும்."

இந்தச் சிரிப்புக்கு முன்னால் எப்படிப் பொய் சொல்வது?

"அந்த ஆர்கே31... நான்தாங்க."

சிரிப்பு அணைந்தது. பெட்டியிலிருந்து கையை எடுத்தாள். "வெச்சுக்கங்க. உங்களுக்குத்தான் எழுந்திரிச்சுப் போக வேண்டிய வேலையே இல்லையே."

தூறலில் இறங்கி நடந்துவிட்டாள்.

மூன்று நாள் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. கொப்புளம் எப்போதோ ஆறிவிட்டது; வீம்புதான் ஆறவில்லை. தனிப் பட்டியல் போட்டால் தன் முப்பத்தொரு மணி நேரத்துக்கு என்ன மரியாதை? ஆனால் நான்கு மணி நேரம் சேற்றில் நின்றுவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆடியவளின் பொறுமைக்கு என்ன மரியாதை?

செவ்வாய்க்கிழமை காலை, கண்ணுசாமியிடம் வழி கேட்டு, யூபிஎஸ் பெட்டியை வண்டியில் கட்டிக்கொண்டு அவள் வயலுக்கே வந்து நின்றான். முழங்கால் சேற்றில், கையில் மண்வெட்டியோடு கலைமகள்.

அவன் போனை நீட்டினான். பகுதி பகுதியாக ஆடியவர்களுக்குப் புதிய பட்டியல். முதல் பெயர் அவளுடையது. அவள் கண் கலங்கியது. மறைக்கக் குனிந்து வாய்க்காலைப் பார்த்தாள்.

"இதைச் சொல்லவா இவ்வளவு தூரம்?"

"இது முதல் பகுதிங்க."

"ரெண்டாவது?"

"கொஞ்சம்... இடைவெளி விட்டு..."

"அதெல்லாம் கிடையாது." நிமிர்ந்தவளின் கண்ணில் குறும்பு. "இதை மட்டும் ஒரே மூச்சுல சொல்லணும்."

"உங்களைப் பிடிச்சிருக்கு கலைமகள்... ரொம்பப் பிடிச்சிருக்கு!"

வரப்பெல்லாம் கேட்கும்படி கத்திவிட்டான். அவள் முகம் சிவந்தது.

"எனக்கும்தான்..." மண்வெட்டியை அவன் கையில் திணித்தாள். "செருப்பைக் கழட்டிட்டு இறங்குங்க. இன்னும் ரெண்டு மணி நேரத் தண்ணி இருக்கு."