பதினோரு மிஸ்டு கால்

கருமாதிக்கு வந்த சனம் கலைந்துபோன உச்சிவெயிலில், செத்துப்போன தன் ஆத்தா ராக்குவின் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்புமுன் இருளாண்டி உள்ளே நுழைந்தான். ஆர்.எஸ்.மங்கலத்தைத் தாண்டிய சின்னக் கிராமம். ஓட்டுக்கூரைக்குக் கீழே பகலிலும் இருட்டு. எங்கிருந்தோ சேற்று வாடை அடித்தது.

பக்கத்து வீட்டுப் பூமயில் வாசலில் நின்று ஒரு செல்போனை நீட்டினாள்.

"ஆத்தா போனுப்பா. வரப்போரம் தண்ணிக்குள்ள கெடந்துச்சு. பேட்டரியெல்லாம் ஊறிப்போச்சு. நாங்க கஞ்சி குடிக்கப் போன நேரம் பாத்து பாம்பு கடிச்சிருச்சு. ஒனக்குத்தான அடிச்சிருப்பா?"

"எனக்கு ஒண்ணும் வரல சித்தி."

பொய். பெண்டாட்டியிடமும் இதையேதான் சொல்லியிருந்தான்.

ராக்குவுக்கு எழுத்துத் தெரியாது, மெசேஜ் படிக்க வராது. போனில் காசும் இருக்காது. அதனால் அவனே சொல்லிக்கொடுத்திருந்தான்: ஒரு மிஸ்டு கால் என்றால் சௌக்கியம், அடுத்தடுத்து இரண்டு வந்தால் உடனே கூப்பிட வேண்டும். அன்றைக்கு ராமநாதபுரத்தில் ஆபீஸ்காரர்களோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது இரண்டு வந்தன. திரும்பக் கூப்பிட்டால், நாற்று நடுகிறவளின் கத்தல் அத்தனை பேர் காதிலும் விழும். "ராங் நம்பர்" என்று சிரித்தபடி சைலண்டில் போட்டான். சாயங்காலம் எடுத்துப் பார்த்தபோது பதினொன்று.

பூமயில் போய்விட்டாள். செத்த போனை மாடக்குழியில் வைத்துவிட்டுத் திரும்பினான்.

சட்டைப்பையில் அவன் போன் ஒருமுறை அதிர்ந்து நின்றது.

திரையில் 'ஆத்தா'.

மறுபடி அதிர்ந்தது. நின்றது.

இரண்டு.

சேற்று வாடை இப்போது மூக்கருகில் வந்துவிட்டது. திரும்பக் கூப்பிடக் கை வரவில்லை. கூப்பிட்டு, எந்த வாயால் பேசுவது? ஒரு மெசேஜ் அடித்தான்.

'வெக்கப்பட்டுத்தான் எடுக்கல ஆத்தா.'

அனுப்பினான்.

சற்று நேரத்தில் டெலிவரி ரிப்போர்ட் வந்தது. போய்ச் சேர்ந்துவிட்டதாம்.

மாடக்குழியைப் பார்த்தான். அந்தப் போனில் வெளிச்சமில்லை, அசைவில்லை.

"ஆத்தா..." என்றான், தனக்கே கேட்காத குரலில்.

அடுப்படி இருட்டுக்குள்ளிருந்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக்கூட்டுவதுபோல, அவள் குரல் தட்டுத்தடுமாறி வந்தது.

"வெ... க்... க..."